இருவர் ஏறிய எடை மெஷின்

எண்களோடு எனக்குப் பெரிய பகை ஒன்றும் இல்லை. என் உடம்பைப் பற்றிப் பேசும் எண்களோடுதான் ஆகாது. அதற்குக் காரணம் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பில் ஒரு காலை வேளை. பள்ளி ஹாலின் நடுவில் எடை மெஷினை வைத்து எங்களை வரிசையாக நிற்கச் சொன்னார்கள். உடற்பயிற்சி ஆசிரியை ஒவ்வொருவராக ஏறச் சொல்லி எண்ணை உரக்கப் படித்தார். எண்களை எழுதிக்கொண்ட இன்னொரு ஆசிரியை மேடைப் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருந்ததால் உரக்கத்தான் படிக்க வேண்டியிருந்தது. அவர்மேல் தப்பில்லை. ஆனால் மேசைக்குக் கேட்டது நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்டது.

எனக்கு முன்னால் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். வகுப்பில் நாங்கள் இருவர்தான் தமிழ்ப் பெண்கள். ஆனாலும் அதுவரை அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் கத்தோலிக்கக் குடும்பம், நான் கோயில் குடும்பம், அதெல்லாம் ஒரு காரணமே இல்லை. இரண்டு பேருக்குமே கூச்சம், அவ்வளவுதான். அவளுடைய எண் படிக்கப்பட்டதும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்து என்னுடையது. சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பத்து வயதில் ஒரு சிநேகிதம் பிறக்க அந்த ஒரு பார்வை போதும்.

மறுவாரத்திலிருந்து எடை கூடிய பிள்ளைகள் இடைவேளையில் திடலைச் சுற்றி ஓட வேண்டும் என்றார்கள். இரண்டு சுற்று முடித்தால்தான் கேன்டீன். வேர்த்து விறுவிறுத்து நாங்கள் போய்ச் சேரும்போது புளிக்குழம்பு ஊற்றிய மீ சியாம் தீர்ந்திருக்கும், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும் தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பது மணி அடிக்க ஐந்து நிமிடமும் ஆறிப்போன மீ ஹூன் சேமியாவும். அதைப் போட்டிபோட்டு விழுங்குவோம். ஓடி இளைத்தவர்களை நான் பார்த்ததில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் வேகமாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டவர்கள்தான் நாங்கள்.

சனிக்கிழமைகளில் எங்கள் இருவரின் அம்மாமாரும் தேக்கா சந்தைக்கு வருவார்கள். அவர்கள் மீன் கடையில் பேரம் பேசும் நேரத்தில் நாங்கள் சிராங்கூன் சாலைப் பக்கம் நழுவிவிடுவோம். ஒரு மருந்துக் கடை வாசலில் காசு போட்டால் அட்டை துப்பும் எடை மெஷின் ஒன்று நின்றது. அதில் ஏறிப் பார்க்க எங்களுக்கு ஆசை. ஆனால் ஒருத்தி எண்ணை மற்றவள் பார்த்துவிடுவாளோ என்று பயம். ஒரு நாள் அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

“ரெண்டு பேரும் சேந்தே ஏறுவோம் லா. வர்றத பாதியா வகுத்துக்கலாம். யாரு குண்டுன்னு யாருக்கும் தெரியாது.”

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டு அந்தச் சின்னத் தட்டில் நான்கு கால்களையும் நெருக்கி நிற்போம். அட்டை விழும். அவள் பையிலிருந்து பென்சிலை எடுத்து அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டு, கீழே இரண்டு கோடு இழுப்பாள். அந்தப் பாதி எண்தான் இருவருக்கும் சொந்தம். பிறகு வடை வாங்கித் தின்போம். மருந்துக் கடைக்காரர் எங்களைத் திட்டியதே இல்லை. இப்போது அந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கவர் விற்கிறார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் என் கால் கொஞ்சம் தயங்கும். இன்றைக்கும்தான்.

வளர்ந்தோம். நான் பாலர் பள்ளி ஆசிரியை ஆனேன், அவள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் அமர்ந்தாள். கல்யாணம் ஆகி அவள் ஊரின் வடகோடியில் உள்ள ஈசூனுக்குப் போனாள், நான் பழைய வட்டாரத்திலேயே தங்கிவிட்டேன். எங்கள் சிநேகிதத்தின் பாதி, இளைக்கும் முயற்சிகள்தான். வெள்ளரிக்காய் மட்டும் தின்ற மாதம், சோற்றைத் தொடாத மாதம், தவக்காலத்தில் அவள் நோன்பு இருந்தபோது துணைக்கு நானும் பட்டினி கிடந்த மாதம். அவளுக்குத் தவக்காலம் முடிந்ததும் ஈஸ்டர் வந்தது. எனக்கு வாய்வுதான் வந்தது.

பத்து வருடங்களுக்கு முன் அவள் ஒரு புது எடை மெஷின் வாங்கினாள். வெறும் எடை காட்டுவதில்லை. வெறுங்காலோடு நான்கு உலோகத் தகடுகளில் நின்றால் முதலில் எடையைக் காட்டும், சில விநாடி கழித்து உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டும். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் செய்தாள். ஏறி நின்றதும் ஒரு சின்னத் துண்டைப் போட்டுத் திரையை மூடினாள். எடை மறைந்து சதவீதம் வந்ததும் துண்டை எடுத்தாள்.

“எடைய யாரும் பாக்கக் கூடாது. பெர்சென்ட் பாத்துக்கோ, பரவால்ல,” என்றாள்.

நானும் மரியாதையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளுக்கு முப்பத்தாறு சதவீதம், எனக்கு முப்பத்தெட்டு. இரண்டு பேரும் இடிந்துபோனோம். அவள் வீட்டுக்காரர் போய்வந்த உடற்பயிற்சிக் கூடத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் பதினெட்டு என்றால் நல்லது என்று போட்டிருந்ததாம். பதினெட்டுக்கு இன்னும் பதினெட்டு பாக்கி. ஒரு முழு மனுஷியைக் கரைக்க வேண்டும் போலிருக்கிறதே என்று அவள் சொல்ல, அழுதுகொண்டே சிரித்தோம். அந்த அட்டவணை ஆண்களுக்கானது என்று யாருக்குத் தெரியும்?

போன வருடம் அவள் உண்மையிலேயே இளைத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நான்கூட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பொறாமைப்பட்டேன். அப்புறம்தான் ரத்தப்போக்கு, ஸ்கேன், பெருங்குடலில் கட்டி. அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். பெருங்குடல் ஆறுவதற்காகச் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டு ஒரு பையைப் பொருத்தினார்கள். தின்றது, குடித்தது எல்லாம் அந்தப் பையில் வந்து விழும். சில மாதம் கழித்து இன்னொரு அறுவையில் குடலை உள்ளே இணைத்துவிட்டால் பை தேவையில்லை. ஆனால் மருத்துவர் ஒரு நிபந்தனை வைத்தார். இந்த உடம்பு இன்னொரு அறுவையைத் தாங்காது, முதலில் உடம்பைத் தேற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். ஐம்பது கிலோவாவது வேண்டும். சதையும் வேண்டும், கொழுப்பும் வேண்டும்.

அவளுக்கு அந்தப் பை பிடிக்கவே இல்லை. தேவாலயத்தில் பூசை நடுவே அது சத்தம் போட்டதாம். அதற்குப் பிறகு கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள், பிறகு போவதையே நிறுத்திவிட்டாள். வேலைக்கும் போகவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டாவது அறுவைதான். முப்பது வருடம் குறைக்கப் பாடுபட்ட எண்ணை இப்போது ஏற்ற வேண்டும். நான் துள்ளிக் குதிக்காத குறை. ஊட்டுவதுதானே, அது எனக்குக் கைவந்த கலை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ரயிலேறி ஈசூன் போய் அவளை அழைத்துக்கொண்டு தேக்காவுக்கு வந்தேன். பழைய இடங்களைப் பார்த்தால் பழைய பசி வரும் என்பது என் எண்ணம். மல்லிகைக் கடைகள், பாத்திரக் கடைகள், மருந்துக் கடை இருந்த மூலை, எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே நடந்தேன். வடை வாங்கிக் கொடுத்தேன், தோசை வாங்கிக் கொடுத்தேன், நெய் கூடப் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். அவள் கொறித்தாள். டீயை உதட்டில் வைத்துவிட்டுத் தள்ளினாள். பரவாயில்லை, அடுத்த வாரம் தின்பாள் என்று நான் அவள் தட்டையும் காலி செய்தேன். உண்மையைச் சொன்னால் அந்தச் சனிக்கிழமைகளில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். பிள்ளைகள், பள்ளி, வீடு எல்லாவற்றையும் மறந்து, பத்து வயதில் சுற்றிய தெருக்களில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன்.

மாலையில் ஈசூனில் அவளைக் கொண்டுபோய் விட்டதும் மெஷினில் ஏறுவாள். துண்டு போடுவாள். நான் ஜன்னல் பக்கம் திரும்புவேன். சதவீதம் வந்ததும் கூப்பிடுவாள். முதல் வாரம் இருபது. அடுத்த வாரம் இருபத்தொன்று. பிறகு இருபத்திரண்டரை. ஐந்தாம் வாரம் இருபத்து நான்கைத் தாண்டியதும் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டேன். வடை வேலை செய்கிறது என்று அவள் வீட்டுக்காரரிடம் பெருமையடித்தேன். பேருந்து ஓட்டி அலுத்து வந்த மனுஷர் கண்கலங்கி, தங்கச்சி நீ நல்லா இருக்கணும் என்றார்.

ஆறாவது வாரம் மருத்துவமனையில் டயட்டீஷியனைப் பார்க்கும் நாள். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். நடைபாதையில் தாதி எடை பார்க்கக் கூப்பிட்டதும் என் தோழி என்ன செய்தாள் தெரியுமா? தோட்டைக் கழற்றினாள். வளையலைக் கழற்றினாள். கைக்கடிகாரம், தாலிச் சங்கிலி, இடுப்புப் பெல்ட், ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்றும் சொன்னாள். எடை பார்க்கும் நாளில் அப்படித்தான் செய்வோம், முப்பது வருடப் பழக்கம். எடை கூட வேண்டிய நாளில் இப்படிச் செய்கிறோமே என்று அவளுக்கும் தோன்றவில்லை, நகைகளை வாங்கிப் பையில் போட்ட எனக்கும் தோன்றவில்லை.

டயட்டீஷியன் ஒரு சீனப் பெண், வயது முப்பது இருக்கலாம். தாதி எழுதிய தாளை இரண்டு முறை பார்த்தார். ஆறு வாரத்துக்கு முன் நாற்பத்தைந்து கிலோ, இப்போது நாற்பத்திரண்டரை என்றார். நான் நம்பவில்லை. கைத்தொலைபேசியை நீட்டி, கொழுப்பு ஏறியிருக்கிறதே, இதோ பாருங்கள் என்று வாதாடினேன். அவர் படத்தைப் பார்த்தார். என் தோழியின் புறங்கைத் தோலை மெல்லக் கிள்ளி விட்டார். தோல் உடனே படியாமல் மடிந்து நின்றது.

பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த மெஷின் கொழுப்பை எடுத்து நிறுப்பதில்லை. ஒரு பாதத்தில் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி மற்ற பாதத்தில் வாங்குகிறது. உடம்பில் தண்ணீர் இருந்தால் மின்சாரம் எளிதாகப் போகும். சதையில் தண்ணீர் அதிகம், கொழுப்பில் குறைவு. மின்சாரம் தடுமாறினால் மெஷின் அதைக் கொழுப்பு என்று ஊகித்துக்கொள்ளும். உடம்பு வறண்டு கிடந்தாலும் அப்படித்தான் ஊகிக்கும். ஏறியது கொழுப்பு இல்லை, இறங்கியது தண்ணீர். சதையும் கூடவே போயிருக்கிறது. எடையைச் சேர்த்துப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும் என்றார்.

எடையை நாங்கள் எங்கே பார்த்தோம்? துண்டு போட்டல்லவா மூடினோம்.

சனிக்கிழமை சுற்றிவிட்டு வந்துதான் அளப்போம் என்றேன். சனிக்கிழமை எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டயட்டீஷியன் அவளைக் கேட்டார். என் தோழி அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லாமல் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

“வெள்ளிக்கிழம ராத்திரியிலேந்து தண்ணியே குடிக்க மாட்டேன்டி. ரயில்ல பை நெறஞ்சிடுச்சுன்னா என்ன பண்றது? நீ அவ்ளோ ஆசையா கூப்பிட்ற. வரலன்னு எப்படிச் சொல்றது?”

நான் அங்கேயே உடைந்துவிட்டேன். அவளைத் தேற்றுகிறேன் என்று நான் இழுத்துக்கொண்டு அலைந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளை வற்றவைத்திருக்கிறது. பழைய பசி அவளுக்கு வரவில்லை, எனக்குத்தான் வந்திருந்தது. எனக்காகத்தான் அவள் அந்தத் தெருக்களில் தாகத்தோடு நடந்திருக்கிறாள். அன்று மாலையே மருத்துவமனையில் சேர்த்து மருந்துநீர் ஏற்றினார்கள். சிறுநீரகம் அடிவாங்க ஆரம்பித்திருந்தது என்றார்கள். இரண்டாவது அறுவை தள்ளிப்போனது. எவ்வளவு காலம் என்று கேட்டபோது, அது உங்கள் கையில் என்றார் மருத்துவர்.

கட்டில் பக்கத்தில் அவளுடைய நகைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமலேயே, நெய் தோசை நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். அடிப்பாவி, அதையும் நான்தானே தின்றேன்.

அதற்குப் பிறகு நான் அவளை எங்கும் கூட்டிப்போகவில்லை. நான்தான் ஈசூனுக்குப் போனேன். டயட்டீஷியன் சொன்னபடி உப்பும் சர்க்கரையும் அளந்து கலந்த நீரைப் பாட்டிலில் கோடு போட்டு வைத்தோம், மணிக்கு ஒரு கோடு இறங்க வேண்டும். கஞ்சியை உப்புப் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சினேன், முட்டை, மீன், தயிர் என்று ஒரு நாளைக்கு ஆறு வேளை. பங்குத் தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்துச் சூப் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து அவளை மெல்ல நடக்கவைத்தார், நாற்காலியில் உட்கார்ந்து எழவைத்தார். சதை அதில்தான் வருமாம்.

அளப்பதற்கும் ஒழுங்கு வந்தது. வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை, எழுந்ததும், பையைக் காலி செய்த பிறகு, முந்தின நாள் பாட்டில் முழுவதும் இறங்கியிருந்தால் மட்டும். ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் குதிக்கவும் கூடாது, குமுறவும் கூடாது, நான்கு வாரத்தைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் ஞாயிறு சதவீதம் பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. நான் பதறினேன். அவள்தான் எனக்கு விளக்கினாள், தண்ணீர் ஏறியிருக்கிறது, இப்போதுதான் மெஷின் உண்மை பேசுகிறது என்று. ஆனால் துண்டு மட்டும் போகவில்லை. எடையை வீட்டுக்காரரிடம் எழுதிக் கொடுத்து டயட்டீஷியனுக்கு அனுப்பச் சொல்வாள். எனக்குக் காட்ட மாட்டாள். நானும் கேட்கவில்லை.

ஒரு தடவை டயட்டீஷியனிடம் அந்தப் பழைய பதினெட்டைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். பெண் உடம்புக்கு ஆணைவிட அதிகக் கொழுப்பு இயற்கையிலேயே தேவை, மாதவிலக்கு ஒழுங்காக வர, ஹார்மோன்கள் வேலை செய்ய, எலும்பு கெடாமல் இருக்க அது வேண்டும் என்றார். நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஏறக்குறைய இருபத்து மூன்றிலிருந்து முப்பத்து நான்கு வரை இருந்தால் பயமில்லையாம். முப்பதுகளில் இருப்பவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லையாம். அப்படியானால் என் தோழியின் முப்பத்தாறு கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. என் முப்பத்தெட்டு இன்னும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகவா அத்தனை வெள்ளரிக்காய், அத்தனை அழுகை. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஐந்து மாதம் ஓடியது. போன மாதம் மறுபடி அதே நடைபாதை, அதே தாதி. மருத்துவர் உள்ளே காத்திருந்தார், அன்றைய எண்ணைப் பார்த்துத்தான் அறுவைக்கு நாள் குறிப்பார். நான் கோடியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், மடியில் அவளுடைய தண்ணீர் பாட்டில். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவளுடைய கை தோட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது. நகை எதையும் கழற்றாமல், செருப்பை மட்டும் கழற்றிவிட்டு ஏறினாள். நான் வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஏய், இங்க பாரு,” என்று அவள் குரல் கேட்டது. பள்ளி ஹாலில் ஆசிரியை படித்த அதே சத்தத்தில் சொன்னாள். “ஐம்பது புள்ளி ஆறு.”

நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அவள் அசரவில்லை, அவர்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னாள். பிறகு ஞாயிறன்று வீட்டில் பார்த்த கொழுப்பு இருபத்து மூன்றரை என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். தோடும் வளையலும் நூறு கிராம்கூட இருக்காது என்று தாதி சிரித்தார். மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்குக் கண் மறைத்தது. எழுந்துபோய் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் இறங்கியதும் நான் ஏறினேன். எழுபத்து நான்கு. அதை நானும் உரக்கவே சொன்னேன். கொஞ்சம் கூட்டிக்கொடுக்கலாம் என்ற ஆசையில், பாதியாக வகுத்துக்கொள்ளலாமா என்று அவளைக் கேட்டேன்.

“வேணாம் லா,” என்றாள். “இது என்னோடது. எனக்கே வேணும்.”